வாத்தியாரும் ஆர்மோனியமும்: தமிழ் நாடக மேடையின் பணிப் பகுப்பு

தமிழ் நாடக வரலாற்றை எழுதுவோர் நாடகாசிரியரையும் நடிகரையும் பற்றி விரிவாகப் பேசுவர். மேடையேற்றத்தின் ஏனைய பணிகள் யாரிடம் இருந்தன என்னும் வினாவை அரிதாகவே எழுப்புவர். அவ்வினாவைச் சங்கரதாஸ் சுவாமிகளிடமிருந்து (1867–1922) தொடங்குவது பொருத்தமெனக் கருதுகின்றோம்.

வளர்ந்த நடிகர்கள் பாடத்தை விட்டு விலகித் தம் விருப்பம்போல் பேசியதால் மனம் சலித்த சுவாமிகள், சொன்னதைச் சொன்னபடி செய்யும் சிறுவர்களை நாடினார் என்பர். 1918இல் மதுரையில் அவர் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி. கே. எஸ். சகோதரர்கள் சேர்ந்தனர். அங்கு அவர் ‘வாத்தியார்’. இச்சொல்லை ‘இயக்குநர்’ எனப் பெயர்த்துவிடுவது எளிது. ஆயினும் அஃது பொருந்தாது. நாடகத்தை எழுதுதல், பாட்டுக் கட்டுதல், பாடம் சொல்லிக்கொடுத்தல், நடிப்பைத் திருத்துதல் ஆகிய அனைத்தும் அவ்வொரு சொல்லுள் அடக்கம். (பள்ளி விழாவுக்கு நாடகம் பழக்கும் தமிழாசிரியர்க்கு இச்சுமை புதிதன்று.) சிறுவர்கள் தங்கி, உண்டு, பயின்ற இடமாதலால், படுதா இழுப்பவரைப் போலவே சமையற்காரரும் நாடகப் பணியாளர்தாம்.

தென்மாவட்டங்களில் இன்றும் நடைபெறும் ‘ஸ்பெஷல் நாடகம்’ இதற்கு முற்றிலும் மாறானது. அங்கே நடிகர் எவரும் ஒரு குழுவுக்கு உரியவரல்லர். கோயில் திருவிழாவுக்கு நாடகம் வேண்டுவோர் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எனத் தனித்தனியே ஒப்பந்தம் செய்கின்றனர். இயக்குநர் இல்லை, ஒத்திகையும் இல்லை. வெவ்வேறு ஊர்களிலிருந்து வருவோர் அன்றிரவுதான் ஒன்றுகூடுகின்றனர். ஆயினும் ‘வள்ளி திருமணம்’ விடியுமளவும் தடையின்றி நடந்தேறுகிறது.

இஃது எவ்வாறு இயலுகிறது? வாத்தியாரின் பணி மறைந்துவிடவில்லை. இடம் மாறியிருக்கிறது என்பதே நம் கருத்து. அதன் பெரும்பகுதி, கலைஞர் அனைவருக்கும் பொதுவான பாடத்துக்குள்ளும் வேடமரபுக்குள்ளும் சென்று தங்கிவிட்டது. எஞ்சியதை மேடையோரம் அமர்ந்திருக்கும் ஆர்மோனியக் கலைஞர் ஏற்கின்றார். நடிகர் பாட்டை நீட்டினாலும் குறுக்கினாலும், உரையாடலிலிருந்து திடீரெனப் பாட்டுக்குத் தாவினாலும், சுருதி பிசகாமல் தாங்கிப் பிடிப்பவர் அவரே. நாடக வரலாற்று நூல்கள் அவருக்கு ஒதுக்கும் இடமோ மிகச் சிறிது.

பாடம் பிறழலாகாது என்று சிறுவர்களைத் தேடிச் சென்றவரின் நாடகங்களே, நடிகர்க்கு மிகுந்த உரிமையளிக்கும் இம்மேடையில் நிலைத்துள்ளன. கட்டுப்பாட்டுக்கென அவர் அமைத்த சபை கலைந்து நெடுங்காலமாயிற்று. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோ அவரைத் தம் குருவாகவே கொண்டு ஆண்டுதோறும் குருபூசை எடுக்கின்றனர்.