பலகையும் கதவும் தாளும்: திருச்சபை அறிவிப்பின் வரலாறு

ஞாயிறு ஆராதனைக்கு வருவோர் வாயிலில் பெற்றுக்கொள்ளும் அறிவிப்புத்தாளை எவ்வாறு அமைப்பது என்பது அச்சகத்தாரிடம் விட்டுவிடத்தக்க சிறு காரியம் எனப் பலர் எண்ணுவர். எழுத்தின் அளவும் பத்திகளின் ஒழுங்கும் தேவையானவையே. எனினும், எதனை முதலில் வைப்பது, யாருடைய பெயரைச் சேர்ப்பது, யாருடைய பெயரை விடுவது என்னும் முடிவுகளில் ஒரு சபையின் இறையியலே வெளிப்படுகின்றது. இதற்கு வரலாறு சான்று பகர்கின்றது.

ஆதித் திருச்சபையில் அச்சுத்தாள் இல்லை. இரட்டைப் பலகைகள் இருந்தன. மடித்து மூடத்தக்க அப்பலகைகளில் உயிருடன் இருப்போர், மரித்தோர் ஆகியோரின் பெயர்கள் எழுதப்பட்டு, திருவிருந்தின்போது வாசிக்கப்பட்டன. ஒருவருடைய பெயரை நீக்குவது அவரோடுள்ள ஐக்கியத்தை முறித்துக்கொள்வதற்கு ஒப்பாகும். கான்ஸ்டாண்டிநோபிளின் பேராயராயிருந்து, நாடு கடத்தப்பட்டு, கி.பி. 407இல் மரித்த யோவான் கிறிசோஸ்தோமின் பெயர் அப்பலகையில் இடம் பெறவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பேராயர் அற்றிக்கஸ் அதனை மீண்டும் சேர்த்தபோது, அலெக்சாந்திரியாவின் சிரில் அதனை எதிர்த்தார். ஒரு பெயரைச் சேர்ப்பதா, விடுவதா என்பது இரு பெரும் சபைகளுக்கிடையே வழக்காயிற்று.

சீர்திருத்தத்திற்குப்பின் இங்கிலாந்தில் அறிவிப்புக்கென ஓர் இடம் வரையறுக்கப்பட்டது. 1662ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகத்தின்படி, நிசேயா விசுவாசப்பிரமாணத்திற்குப்பின் குருவானவர் அவ்வாரத்துத் திருநாட்களையும் உபவாச நாட்களையும் அறிவிக்க வேண்டும். இவற்றோடு அரசின் பொது அறிவிப்புகளும் பங்குக் கூட்ட அழைப்புகளும் ஆராதனைக்குள் புகுந்தன. 1837இல் இயற்றப்பட்ட சட்டம் இவ்வழக்கத்தை நிறுத்தி, அத்தகைய அறிவிப்புகளை எழுதியோ அச்சிட்டோ ஆலயக் கதவருகே ஒட்டுமாறு பணித்தது. இதனால் ஆராதனை அரசின் குரலினின்று ஓரளவு விடுபட்டது. ஆயினும், செவியால் கேட்டறிந்த எளியோர், இனி எழுத்தறிந்தவரை நாடவேண்டியவராயினர்.

1859இல் டார்பி நகரத்து ஆயர் எர்ஸ்கின் கிளார்க் பங்குப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். எல்லாப் பங்குகளுக்கும் பொதுவான பக்கங்கள் ஓரிடத்தில் அச்சாகும். அந்தந்தப் பங்கு தன் செய்திகளைத் தனித்தாளாகச் சேர்த்துக்கொள்ளும். சிறு சபைகளுக்கு இது பேருதவி. பின்னர், 1881இல் கெஸ்டெட்னர் உருவாக்கிய சைக்ளோஸ்டைல் முறையும், 1887இல் சிகாகோவில் டிக் விற்பனைக்குக் கொண்டுவந்த மிமியோகிராப் கருவியும் அச்சகமில்லாத சபைக்கும் தன் தாளைத் தானே பெருக்கிக்கொள்ளும் வசதியை அளித்தன.

இவ்வசதியின் பயன் ஜெர்மனியில் வெளிப்பட்டது. 1934இல் பார்மன் மாநாட்டில் தன் விசுவாசத்தை அறிக்கையிட்ட திருச்சபை, நாத்சி ஆட்சியில் சிறைப்பட்ட, பேசத் தடைசெய்யப்பட்ட, ஊரினின்று விலக்கப்பட்ட ஊழியரின் பெயர்களைப் பட்டியலாக்கிச் சபைகளுக்கு அனுப்பியது. அப்பெயர்கள் மன்றாட்டில் உரக்க வாசிக்கப்பட்டன. 1937 ஜூலை 1 அன்று மார்ட்டின் நீமோலர் கைதானபின், அவருடைய டாலம் சபை மன்றாட்டு ஆராதனைகளுக்காகக் கூடிவந்தது. 1939இல் புக்கன்வால்ட் முகாமில் மாண்ட பவுல் ஷ்னைடரும் இவ்வாறு மறைக்கப்படவிருந்தோருள் ஒருவர். அரசு மறைக்க விரும்பியதைச் சபை அறிவித்தது.

ஆனால் அப்பட்டியலுக்கும் ஓர் எல்லை இருந்தது. 1943 ஏப்ரலில் கைதான டீட்ரிக் பான்ஹோபரின் பெயரை அவருடைய சபை அதில் சேர்க்கவில்லை. அவர் விசுவாசத்திற்காக அன்று, அரசியல் காரணத்திற்காகவே சிறைப்பட்டார் எனக் கருதப்பட்டதே இதற்குக் காரணம். துன்புற்ற யூதருக்கோ, சபையின் பொது மன்றாட்டில் இடம் மிக அரிதாகவே கிடைத்தது. துணிவுடன் எழுதப்பட்ட பட்டியலும், எழுதாமல் விட்ட பெயர்களால் நியாயந்தீர்க்கப்படுகின்றது.

இவ்வரலாறு நம் சபைகளின் தாளுக்கும் பொருந்தும். காணிக்கை அளித்தோரின் பெயர்கள் தடித்த எழுத்தில் முதற்பக்கத்திலும், நோயுற்றோரின் பெயர்கள் கடைசி வரியிலும் இருப்பின், தாள் எவ்வளவு அழகாயிருந்தும் அது நற்செய்திக்கு எதிராகவே பேசும். வாசகப் பகுதிகளும் மன்றாட்டுக்குரியோரும் முதலிடம் பெறட்டும். கூட்டங்களும் கணக்குகளும் அவற்றைத் தொடரட்டும். வேலையிழந்தோர், வழக்கில் சிக்கியோர், நெடுநாள் ஆலயம் வராதோர் ஆகியோரை, அவர்தம் இசைவு பெற்று, நினைவுகூர இடம் விடவேண்டும். முதியோர் படிக்கத்தக்க பெரிய எழுத்து வேண்டும். தாள் அச்சிட்டாயிற்று என்பதற்காக, வாசிக்க இயலாதோருக்கு உரக்க அறிவிக்கும் கடமை நீங்கிவிடுவதில்லை. தாளைத் தயாரிப்போர் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்கவேண்டியது இதுவே: இவ்வாரம் நம் சபையில் யாருடைய பெயர் விடுபட்டிருக்கின்றது?