கடலோரத்துச் சபை – 6
விதவையின் கடன்

கமாண்டர் ஹாசியஸ் அழைக்கிறார், உடனே வரவேண்டும் என்று தரங்கம்பாடியின் டேன்ஸ்போர்க் கோட்டையிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். சென்ற வாரம் அங்கேதான் நிறுத்தியிருந்தோம். அழைப்பு வந்தது, அழைக்கப்பட்டவர் போகவில்லை. வாய்ச்சொல்லாக வந்த உத்தரவுக்கு வரமுடியாது, எழுத்தில் ஆணை வேண்டும் என்று போதகர் பர்த்தலோமேயு சீகன்பால்க் பதில் சொல்லி அனுப்பினார்.

அப்போது அவருக்கு வயது 26. தரங்கம்பாடிக்கு வந்து இரண்டரை ஆண்டுகூட நிறையவில்லை. எதிரே இருப்பவர் யார் என்று பாருங்கள். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனியர் பெற்றுக்கொண்ட ஊர் இது. கோட்டை, சிப்பாய்கள், சுங்கம், வழக்கு, சிறை என்று இங்கே எதைத் தொட்டாலும் அது கடைசியில் ஜோஹான் சிகிஸ்மண்ட் ஹாசியஸ் என்ற ஒரே மனிதரிடம் போய் முடியும். கோபன்ஹேகனில் மன்னர் நான்காம் பிரெடெரிக் தன் பெயரால் போதகர்களை அனுப்பிவைத்தது உண்மைதான். ஆனால் மன்னர் ஏழு மாதக் கப்பல் பயணத்துக்கு அப்பால் இருந்தார். ஹாசியஸ் கூப்பிடு தூரத்தில் இருந்தார்.

அப்படி என்னதான் நடந்தது?

ஊரில் ஒரு நாவிதர் இறந்துபோனார். அவருக்கும் டேனியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு கத்தோலிக்கருக்கும் இடையே ஒரு கடன் கணக்கு தீராமல் கிடந்தது. கணவன் போனபின் அந்தக் கணக்கின் பாரம் விதவையின் தலையில் விழுந்தது. மொழிபெயர்ப்பாளர் என்றால் அன்றைய தரங்கம்பாடியில் சாதாரண ஆளில்லை. டேனியருக்குத் தமிழ் தெரியாது, ஊராருக்கு டேனிஷ் தெரியாது. நடுவில் நிற்கிறவர் எதை எப்படிச் சொல்கிறாரோ அதுதான் அதிகாரியின் காதுக்குப் போகும். அவரே எதிர்க்கட்சிக்காரராக இருக்கும் வழக்கில் ஒரு விதவை எங்கே போவாள்?

சீகன்பால்கிடம் போனாள். தமிழ் தெரிந்த ஐரோப்பியர். மொழிபெயர்ப்பாளர் தயவு தேவைப்படாதவர். அவர் ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப இந்த வழக்கில் தலையிட்டார். அதோடு நிற்கவில்லை. டேனிஷ் ஆலயத்தில் கமாண்டரின் முன்னே மண்டியிட்டு முறையிடு என்று அந்தப் பெண்ணுக்கு யோசனையும் சொன்னார். ஹாசியஸைக் கொதிக்க வைத்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சீயோன் ஆலயம் 1701இல் டேனியர் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. 1707 மே 12 அன்று, டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்த ஐந்து பேர் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார்கள். எசமானர்கள் பலருக்கு அதுவே உறுத்தலாக இருந்திருக்கும். இப்போது ஒரு கடன் வழக்கையும் அதே கூரையின் கீழ் கொண்டுவரச் சொல்கிறார் இந்த இளைஞர். கச்சேரியில் மனுவைத் தள்ளிவிட்டால் அது கணக்கில் ஒரு வரி. சபை முழுக்கப் பார்த்திருக்க, காலடியில் ஒரு விதவை மண்டியிடும்போது தள்ளினால்?

ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தச் சண்டையில் கமாண்டரும் கிறிஸ்தவர், மொழிபெயர்ப்பாளரும் கிறிஸ்தவர், போதகரும் கிறிஸ்தவர். மிஷன் வரலாறு என்றதும் ஒரு மதம் இன்னொன்றோடு மோதிய கதையைத்தான் எதிர்பார்க்கிறோம். தரங்கம்பாடியின் முதல் பெரிய மோதலோ ஆலயத்துக்குள்ளேயே வெடித்தது.

அதன் வேரைத் தேடினால் ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்குப் போகவேண்டும். சீகன்பால்க் அங்கே படித்தது கொஞ்ச காலம்தான். அந்தக் கொஞ்ச காலம் அவரை உருவாக்கிவிட்டது. ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே அங்கே போதகராகவும் பேராசிரியராகவும் இருந்தார். 1695இல் அவர் வீட்டுக் காணிக்கைப் பெட்டியில் யாரோ 4 தாலரும் 16 குரோஷனும் போட்டுவிட்டுப் போனார்கள். பிராங்கே அதை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அது அநாதை இல்லமாகி, மருந்துக் கடையும் அச்சுக்கூடமுமாகி ஒரு சிற்றூர்போலப் பெருகியது. சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்த சீகன்பால்குக்கு அந்த இடம் என்ன சொல்லியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

அங்கே கற்பித்த இறையியலுக்குப் பயட்டிசம் என்று பெயர். அதன் பின்னணி இது: மனிதன் தேவனுக்கு முன் நீதிமான் ஆவது விசுவாசத்தால் மட்டுமே, கிரியைகளால் அல்ல என்பது மார்ட்டின் லூதர் வைத்த அடிக்கல். லூதர் இறந்து நூறாண்டு கழிந்தபோது, அந்த அடிக்கல்லின்மேல் பலர் படுத்துத் தூங்கத் தொடங்கியிருந்தார்கள். கோட்பாடு சரியாகத் தெரிந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வந்தால் போதும், திங்கட்கிழமை எப்படி நடந்தாலும் கேட்பாரில்லை. இதை எதிர்த்துத்தான் பிலிப் ஜேக்கப் ஸ்பேனர் 1675இல் எழுதினார். பிராங்கே செயலில் காட்டினார். கிரியை மனிதனை இரட்சிக்காது, அதில் அவர்கள் லூதர் பக்கமே. ஆனால் இரட்சிக்கப்பட்டவன் வாழ்வில் கிரியை காணப்படாவிட்டால் அந்த விசுவாசம் உயிரோடுதான் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

வேதத்தில் இதே கேள்வியைக் கேட்பது யாக்கோபு நிருபம். லூதருக்கு அந்த நிருபத்தின்மேல் பெரிய மதிப்பில்லை. 1522இல் எழுதிய முன்னுரையில் அதை வைக்கோலோடு ஒப்பிட்டார். அந்த நிருபத்தின் முதல் அதிகாரமே, அநாதைகளையும் விதவைகளையும் அவர்கள் உபத்திரவத்தில் விசாரிப்பதுதான் மாசில்லாத பக்தி என்று முடிகிறது. மறுபுறம் ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரம், ஆளுகிற அதிகாரம் தேவனால் உண்டானது, அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது. 1708 நவம்பரில் தரங்கம்பாடியில் ஒரே நாவிதர் வீட்டுக் கடனில் இந்த இரண்டு பக்கங்களும் முட்டிக்கொண்டன. எந்தப் பக்கத்தைத் திறந்துவைப்பது என்று புத்தகம் சொல்லித் தராது.

எழுத்தில் ஆணை கேட்டது இந்த முட்டுக்கு நடுவே கண்டுபிடித்த சந்து. அதிகாரத்தை மறுக்கவில்லை, அதிகாரம் தன் பெயரைத் தாளில் போட்டுச் சொல்லட்டும் என்றார். தாளில் போட்டால் அது ஒருநாள் கோபன்ஹேகனுக்குப் போகும். இதில் சாமர்த்தியமும் இருக்கிறது, பிடிவாதமும் இருக்கிறது. சீகன்பால்கைச் சாந்தமூர்த்தியாக வரைகிற படங்களை நம்பாதீர்கள். வந்த புதிதில் வழியில் கண்ட மண் உருவங்களில் சிலவற்றைத் தள்ளி, சிலவற்றின் தலையை உடைத்ததை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் சேவகர்கள் என்று உள்ளூர் ஆசிரியர் ஒருவர் அவருக்குப் பாடம் சொல்லவேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர் அடுத்த இரண்டாண்டில் ஓலைச்சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்து, 1708இல் நூறுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விவரப் பட்டியல் எழுதினார். அதே ஆண்டில் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். பிள்ளைகளுக்குத் தமிழர் சொல்லித்தரும் நீதியை ஐரோப்பியருக்குக் காட்டியவர், அந்த ஆண்டு முடிவதற்குள் ஐரோப்பியரின் நீதியைத் தானே நேரில் பார்க்க நேர்ந்தது.

ஹாசியஸ் எழுதித் தரவில்லை. ஆட்களை அனுப்பிப் போதகரைப் பிடித்துவரச் செய்தார்.

விசாரணை நடந்தது. கேட்ட கேள்விகளுக்குச் சீகன்பால்க் பதில் சொல்ல மறுத்தார். கோட்டைச் சிறைக் கதவு மூடியது.

அவர் மேசைமேல் பாதியில் நின்றது எது தெரியுமா? புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு. 1708 அக்டோபர் 17 அன்றுதான் கிரேக்க மூலத்தை வைத்துக்கொண்டு அதைத் தொடங்கியிருந்தார். பிள்ளையார் சுழி போட்டு ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆகியிருந்தது, அவ்வளவுதான். சிறையில் முதலில் மையும் பேனாவும் மறுக்கப்பட்டன. வெளியே சக போதகர் ஹென்ரிக் புளுட்சௌ தனித்துவிடப்பட்டார். அவர் போர்த்துக்கீசிய மொழிச் சபையைப் பார்த்துக்கொண்டவர். தமிழ்ச் சபையோ சீகன்பால்கின் குரலைக் கேட்டுப் பழகியது. மேய்ப்பன் இல்லாமல் அது சிதறத் தொடங்கியது. புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு இதைவிடக் கசப்பான பாடம் இருக்கமுடியாது. ஐரோப்பியரின் வாழ்க்கையைப் பார்த்துத்தான் தமிழர்கள் இந்த மதத்தை வெறுக்கிறார்கள் என்று சீகன்பால்க் ஏற்கெனவே ஐரோப்பாவுக்கு எழுதியிருந்தார். இப்போது அந்த வாழ்க்கையின் அடையாளமாக ஒரு கோட்டைக் கதவு ஊர் நடுவே நின்றது.

பின்னால் எழுத அனுமதி கிடைத்தபோது அவர் எழுதியது கமாண்டர்மேல் வசைப்பாட்டு அல்ல. கிறிஸ்தவன் எப்படி வாழவேண்டும், போதகன் எப்படி ஊழியம் செய்யவேண்டும் என்று ஜெர்மன் மொழியில் நூல்கள். ஹாசியஸின் பெயரைச் சொல்லித் திட்டியிருந்தாலும் யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள்.

நான்கு மாதத்துக்குச் சற்று மேல் கழிந்து, 1709 வசந்தத்தில் கதவு திறந்தது. வெளியே வந்தவரின் கையில் பணமில்லை, சபை சிதறிக் கிடந்தது, கமாண்டர் அதே நாற்காலியில் இருந்தார். விடுதலை என்றார்கள், சமாதானம் என்று யாரும் சொல்லவில்லை. இனி எல்லாம் காகிதப் போர். யார் சொல்லும் கதை முதலில் கோபன்ஹேகனை எட்டுகிறதோ அதுவே அங்கே உண்மையாகும். கடிதம் போக ஏழு மாதம், பதில் வர ஏழு மாதம்.

ஆனால் பதில் அதற்கு முன்பே புறப்பட்டிருந்தது! சிறைச் செய்தி ஐரோப்பாவை எட்டுவதற்கு வெகுமுன்னரே, தரங்கம்பாடியின் பழைய கடிதங்களைப் படித்திருந்த அரண்மனை ஒரு கப்பலை அனுப்பிவிட்டது. 1709 ஜூலையில் தரங்கம்பாடிக்கு எதிரே அது நங்கூரம் பாய்ச்சியது. போதகர்களுக்கு உதவும்படி கமாண்டருக்கு மன்னரின் உத்தரவு அதில் வந்தது. கூடவே மூன்று புதியவர்கள்: ஜோஹான் எர்ன்ஸ்ட் குருண்ட்லர், பாலிகார்ப் ஜோர்டான், ஜோஹான் கியோர்க் போவிங்.

அலைகளைத் தாண்டிக் கரையேறிய மூவரையும் சீகன்பால்க் சகோதரர்களாக வரவேற்றார். ஒருவர் அவர் சாகும்வரை தோள்கொடுக்கப் போகிறவர். இன்னொருவர் இரண்டே ஆண்டில் ஐரோப்பாவுக்குத் திரும்பி, ஹாசியஸ் சிறையால் செய்ய முடியாததை இறையியலால் செய்ய முயலப் போகிறார். அந்த இன்னொருவர் யார்? சீகன்பால்கிடம் அவர் கண்ட குற்றம் என்ன?

(அடுத்த வாரம்)