எங்கே முடித்தவர்?

யாழ்ப்பாணத்தில் அறிமுகமில்லாத இருவர் சந்தித்து ஊரும் உறவும் விசாரிக்கத் தொடங்கினால், "தம்பி எங்கை முடிச்சவர்?" என்னும் வினா தவறாது எழும். அயல்நாட்டுத் தமிழர் ஒருவர் இதைக் கேட்பாராயின், எதை முடித்தவர் என்று திகைப்பர். நமக்கு அந்த ஐயம் இல்லை. மணம் என்னும் பெயர் உதிர்ந்துபோய், வினை மட்டும் நின்று பொருள் தருகிறது.

முடித்தலுக்குத் தீர்த்துவிடுதல் என்றும் பொருளுண்டு. "ஒருத்தியை முடித்தாயிற்று, இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்" என்று பெண்ணைப் பெற்றவர் சொல்லும்போது, அச்சொல்லில் கடன் தீர்த்தவரின் பெருமூச்சே கேட்கிறது. பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் எனக்கு அது உவப்பான ஓசையன்று. ஆனால் முடித்தல் என்பது முடிச்சிடுதலுமாகும். பூவைக் கூந்தலில் முடித்தல் என்னும்போது சூடுதலுமாகும்.

இந்தச் சூடுதலுக்குப் பழைய சான்று ஒன்றுண்டு. அகநானூற்று 136ஆம் பாட்டில் விற்றூற்று மூதெயினனார் ஒரு மணநாளைக் காட்டுகிறார். விருந்தினருக்கு ஊனும் நெய்ச்சோறும் படைக்கப்படுகின்றன. திங்கள் உரோகிணியைக் கூடிய நல்வேளையில் மணமகளை நீராட்டுகின்றனர். வாகையிலையும் அறுகின் அரும்பும் சேர்ந்த வெண்ணூலை அவளுக்கு அணிவிக்கின்றனர். புலவர் அவ்விடத்தில் ஆளும் வினை சூட்டுதல், கட்டுதல் அன்று. அந்நூல் தாலியே என்பாரும் அன்றென்பாரும் உளர். அதே நூலின் 86ஆம் பாட்டில் மகப்பெற்ற மகளிர் நால்வர் மணமகளை வாழ்த்தி நீராட்டுகின்றனர். தீவலம் இவ்விரு பாடல்களிலும் இல்லை. அது சிலப்பதிகார மணத்திலே வருகிறது.

இனி, அவ்வினாவில் வரும் 'எங்கே' என்பதற்கு வருவோம். யாரை என்று கேளாமல் இடத்தைக் கேட்பானேன்? ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுக்கிறது. சீதனம் பெண்வழி வருவது. பெரும்பாலும் வளவும் வீடும் பெண்ணுக்குரியவை. மாப்பிள்ளையே அவ்வூருக்குப் போய்க் குடியேறுவான். மட்டக்களப்பிலும் இதுவே பழைய வழமை. ஆகவே 'எங்கே' என்பது அவள் நிலத்தைக் குறித்த கேள்வி.

விவாகம் என்னும் வடசொல்லின் வேர், பெண்ணைக் கொண்டுசெல்லுதலைக் குறிக்கும். மாப்பிள்ளை வந்துசேரும் இந்நாட்டில், பதிவுச் சான்றிதழில் இருப்பது அந்தச் சொல்தான்.