வானத்துக்கு எல்லைக்கல் நட்ட கதை

காணி அளக்கிறதுக்கு முதல் வேண்டியது அசையாத ஒரு கல். கல் நகர்ந்தால் வேலியும் பிழை, உறுதியும் பிழை. வானத்தை அளந்தவர்கள் நூற்றாண்டுகளாக நட்சத்திரங்களைத்தான் கற்களாகப் பாவித்தார்கள். ஆனால் நட்சத்திரங்களும் மெல்ல மெல்ல நகர்கின்றன.

1962 ஆகஸ்ட்டில் 3சி 273 என்ற வானொலி மூலத்தைச் சந்திரன் மறைத்தது. அது மறைந்த, திரும்ப வெளிப்பட்ட நேரங்களை அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி குறித்தது. அதிலிருந்து அதன் இடம் துல்லியமாகத் தெரிந்தது. அங்கே நட்சத்திரம் போலத் தெரிந்த பொருள் 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்குது எண்டு 1963இல் மார்ட்டின் ஷ்மிட் கண்டுபிடித்தார். இதுதான் குவேசார். அவ்வளவு தொலைவில் இருப்பது எப்படி ஓடினாலும் எங்களுக்கு அசையாததுதான்.

பிறகு, கண்டம் விட்டுக் கண்டம் தொலைநோக்கிகளை இணைத்துக் குவேசார்களை வானொலியில் அளந்தார்கள். 1998 ஜனவரி 1 முதல் சர்வதேச வானியல் ஒன்றியம் 212 மூலங்களை வானத்தின் எல்லைக்கற்களாக ஏற்றுக்கொண்டது.

சிக்கல் என்னவெண்டால், இந்தக் கற்கள் ஒளித் தொலைநோக்கிகளுக்கு மிக மங்கல். ஏறத்தாழ 1,18,000 நட்சத்திரங்களை அளந்த ஹிப்பார்கோஸ் செய்மதிக்குத் தெரிந்தது ஒரேயொரு குவேசார்: அதே 3சி 273. ஆகவே வானொலியும் உமிழ்கிற சில நட்சத்திரங்களை முக்கிய பாலமாக வைத்து இரண்டு சட்டகங்களையும் பொருத்தினார்கள். நட்சத்திரம் நகரும், பாலமும் வருசத்துக்கு வருசம் தளரும்.

2013இல் ஏவப்பட்ட கையா செய்மதி இதை மாற்றியது. 2018இல் வெளியான அதன் தரவில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட குவேசார்கள். அவற்றில் ஏறத்தாழ 2,800 வானொலிப் பட்டியலிலும் இருந்தன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, ஒளிச் சட்டகம் முழுவதையும் வானொலிச் சட்டகத்தோடு நேராக்கினார்கள்.

அப்படியும் சில குவேசார்களில் ஒளி காட்டும் இடமும் வானொலி காட்டும் இடமும் விலகியே நின்றன. இந்த விலகல் பல இடங்களில், கருந்துளை அருகிலிருந்து பீறிடும் தாரையின் திசையிலேயே இருந்தது. அளவுப் பிழை எண்டு தள்ளிவிடக்கூடியது, குவேசாரின் உள்ளமைப்பைக் காட்டும் தடயமானது.

இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு? பூமி எவ்வளவு திரும்பியிருக்குது எண்டதைக் குவேசார்களைப் பார்த்துத்தான் அளக்கிறார்கள். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் ஜிபிஎஸ் செய்மதிகளின் பாதைக் கணக்கும் பிசகும், எங்கட போனில் பார்க்கிற வழியும் பிசகும்.

கையா 2025 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அது அளந்த நட்சத்திர இடங்கள் இனி வருசாவருசம் பழசாகும். யாராவது திரும்பப் போய் அளக்கத்தான் வேணும்.