பள்ளியாண்டும் கலையரங்கும்: சாம்பல்தீவை முன்வைத்துச் சில சிந்தனைகள்

ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றை எழுதியோர் நாடக சபாக்களையும் புகழ்பெற்ற நடிகர்களையும் பல்கலைக்கழக மேடைகளையும் நிரல்படுத்தியுள்ளனர். பெருந்தொகையான சாதாரண மக்கள் தம் வாழ்நாளில் ஏறிய ஒரே மேடை பாடசாலை மேடையே என்பது அவ்வரலாறுகளில் போதிய கவனத்தைப் பெறவில்லை. பள்ளிப் பருவத்தில் ஒருமுறை முடிதரித்து ஆடியவர் பின்னர் கடலுக்கோ வயலுக்கோ சென்று, மீண்டும் அரிதாரம் பூசாமலே வாழ்ந்து முடிந்திருப்பார். ஆகவே பாடசாலையின் நாடகம், நடனம், விழா ஆகியன சமூக வரலாற்றின் ஒரு கூறாக ஆராயப்பட வேண்டியவை. திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளிக்குச் செல்லும் வழியில் அமைந்த சாம்பல்தீவு போன்றதொரு கிராமத்தை மனங்கொண்டு இதனை நோக்குதல் பயனுடையது. மீன்பிடியும் பயிர்ச்செய்கையும் அங்குள்ளோரின் வாழ்வாதாரங்கள். சில மைல் தொலைவிலோ, 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்த துறைமுக நகரம். கிராமத்தின் கலையும் நகரத்தின் கலையும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் களமாக இத்தகைய ஊரின் பாடசாலை அமைகின்றது.

நமது பள்ளியாண்டு வழமையாகத் தை மாதப் பொங்கல் விழாவுடன் தொடங்குகின்றது. முதலாந் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி; அடுத்துத் தமிழ்த்தினப் போட்டிகள்; மூன்றாந் தவணையில் சிறுவர் தினம், ஆசிரியர் தினம், நவராத்திரியை ஒட்டிய வாணி விழா; வசதி வாய்ப்பின் பரிசளிப்பு விழா. இந்நிரலை ஊன்றி நோக்கின் அதன் வரலாற்றுப் படிவுகள் புலப்படும். பொங்கல் உழவுச் சமூகத்தின் எச்சம். இல்லங்களாகப் பிரிந்து போட்டியிடுதலும் பரிசளிப்பு விழாவும் ஆங்கிலப் பாடசாலைகள் வழிவந்தவை. வாணி விழா, மிசனரிக் கல்விக்கு எதிர்வினையாக எழுந்த சைவக் கல்வி இயக்கத்தால் வலுப்பெற்றது. தமிழ்த்தினப் போட்டியோ அரசின் கல்வி நிருவாகம் வகுத்தது. இவ்வாறு வெவ்வேறு சமூக சக்திகள் விட்டுச்சென்ற விழாக்களையே ஒரு மாணவி ஓராண்டுக்குள் ஆடியும் பாடியும் கடக்கின்றாள்.

இப்படிவுகளுள் நகரக் கல்லூரிகளின் பங்கு கணிசமானது. திருகோணமலை இந்துக் கல்லூரியை 1925இல் இராமகிருஷ்ண மிசன் பொறுப்பேற்றது. பின்னர் அதன் அதிபராக விளங்கிய விபுலாநந்த அடிகள், சேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி நாடகவியலையும் தமிழர்க்கு அறிமுகஞ் செய்யும் 'மதங்க சூளாமணி'யை 1926இல் வெளியிட்டவர். நாடகத்தைக் கல்விக்குரிய பொருளாகக் கருதிய அம்முயற்சி முன்னோடியானது. எனினும் அதன் நாட்டம் செந்நெறி மரபுகளை நோக்கியதாகவே இருந்தது. கிராமத்து இரவுகளில் ஆடப்பட்ட கூத்து, கற்றோர் நோக்கில் நாடகமாக ஏற்கப்பெறக் காலம் பிடித்தது.

கிழக்கிலங்கையில் கூத்து ஓர் ஊரின் கூட்டு உழைப்பாகும். அண்ணாவியார் சட்டங் கொடுப்பார். மாதக்கணக்கில் பயிற்சி நடைபெறும். சதங்கை அணிதல் ஒரு சடங்காக நிகழும். இறுதியில் வட்டக்களரியில் இரவு தொடங்கி விடியும்வரை அரங்கேற்றம். பார்ப்போர் களரியைச் சூழ்ந்திருப்பர். ஆடுபவன் அவர்தம் மகனோ மருமகனோ ஆவான். செலவும் உழைப்பும் ஊரைச் சார்ந்தன. ஆயினும் இதனைப் பொன்னுலகமாகச் சித்திரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. பெண் வேடத்தையும் ஆண்களே தாங்கினர். பாத்திரப் பகிர்வில் சாதியும் செல்வாக்கும் தலையிட்டதுண்டு. நிலவுடைமைச் சமூகத்தின் படிமுறைகள் களரிக்குள்ளும் நிலவின.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், தாய்மொழிக் கல்வி படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு விரிந்தமையும், 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றமையும் உழைக்கும் மக்களின் பிள்ளைகளைப் பெருந்தொகையாக வகுப்பறைக்குக் கொணர்ந்தன. 1956இல் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள நாடகத்தில் மரபின் ஆற்றலை உணர்த்தியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றினார். 'கர்ணன் போர்' உருவாவதில் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரின் பங்களிப்பு இன்றியமையாததாயிற்று. பாடசாலைகளுக்கிடையிலான கூத்துப் போட்டிகளும் இக்காலத்திலே ஊக்குவிக்கப்பட்டன. இழிவாகக் கருதப்பட்ட கலை பள்ளி மேடையில் மதிப்புப் பெற்றது.

இம்மாற்றத்தின் இரு பக்கங்களையும் நாம் ஒருங்கே காணவேண்டும். பெண் பிள்ளைகள் சதங்கை கட்டி ஆடினர்; பிறப்பால் மறுக்கப்பட்ட வேடங்கள் ஆற்றலால் கிட்டும் வாய்ப்புத் தோன்றியது. இவை சனநாயக வெற்றிகள். அதேவேளை, ஓரிரவுக் கூத்து போட்டி விதித்த நிமிடங்களுக்குள் சுருங்கியது. வட்டக்களரி ஒருபக்கம் நோக்கும் மேடையாயிற்று. சூழ்ந்திருந்த ஊரின் இடத்தை மூன்று நடுவர் பிடித்தனர். ஊரார் மீண்டும் மீண்டும் ஆடிப்பார்த்துச் சுவைத்த கலை, வலயம், மாகாணம், தேசியம் எனப் படியேறும் புள்ளிகளுக்குரியதாயிற்று.

நடனத்தின் வரலாறும் இதனையொத்ததே. 1930களில் சென்னை மேட்டுக்குடியினரிடையே சதிர் பரதநாட்டியமாக மறுவடிவம் பெற்றது. 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடக்கினார். கலைக்குக் கௌரவம் கிட்டிய அதே காலத்தில் அதனைப் பரம்பரையாகப் பேணிய பெண்கள் மேடையிலிருந்து அகற்றப்பட்டனர். அப்புதிய வடிவமே நமது பள்ளி விழாக்களின் வரவேற்பு நடனமாக வந்து சேர்ந்தது. அதற்கான ஆடையும் அணியும் ஒப்பனையும் கூலிக்குக் கடலுக்குச் செல்பவரின் குடும்பத்துக்குச் சிறிய செலவல்ல. முன்வரிசையில் எந்தப் பிள்ளை நிற்பாள் என்பது சில வேளைகளில் தாளக்கட்டால் மட்டும் முடிவாவதில்லை.

1980களிலும் 1990இலும் திருகோணமலையின் வட கரையோரத் தமிழ்க் கிராமங்களின் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியது. ஊர் சிதறும்போது களரியும் சிதறும். மத்தளம் அடிப்பவர் ஓரிடம், பாடுபவர் வேறிடம். இடிபாட்டின் பின் முதலில் மீண்டும் இயங்கும் பொது நிறுவனங்களுள் பாடசாலை ஒன்று. எனவே கிராமத்துக் கலை நினைவின் பெரும் பொறுப்பு, அது விரும்பியோ விரும்பாமலோ, பள்ளியாண்டின் நிகழ்ச்சி நிரலைச் சார்ந்துவிட்டது.

இங்கேதான் அடிப்படை முரண்பாடு வெளிப்படுகின்றது. பாடசாலை கூத்தை ஏற்றுக்கொண்டது, கூத்தரை ஏற்றுக்கொள்ளவில்லை. 'நாடகமும் அரங்கியலும்' இன்று உயர்தர வகுப்புப் பாடம். அண்ணாவியாரின் தொழில் அதில் வினாவாக வரக்கூடும். சான்றிதழற்ற அண்ணாவியார் அவ்வகுப்பில் ஆசிரியராக அமர்தல் எளிதன்று. போட்டிக்கு முந்திய சில நாட்கள் அழைத்து, பொன்னாடை போர்த்தி அனுப்புதலை மரபு பேணல் எனக் கொள்ளவியலாது. அவருக்கு ஊதியத்துடன் கூடிய ஆசிரியத் தகுதியும், ஆண்டு முழுவதற்குமான பயிற்சிக் காலமும், ஊரார் சூழ்ந்திருந்து பார்க்கும் ஓர் இரவும் வேண்டும். பாடசாலை பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் திறந்துவிட்ட வாயில் மூடப்படாமல், கலையின் உடைமை மீண்டும் உழைக்கும் மக்களைச் சேர்தல் வேண்டும். சாம்பல்தீவு போன்ற ஊர்களின் பள்ளி முற்றத்தில் ஒரு வட்டக்களரி அமைவது இதற்கு முதற்படியாகும். அதற்குப் பெரும் பொருள் தேவையில்லை.