புழுதியில் கிடக்கும் விதை



நர்ஸாக இருக்கும் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், எச்.ஐ.வி. உள்ளவங்க மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டா, ரத்தத்துல கிருமி தெரியலைன்னு ரிப்போர்ட் வருது. அப்புறமும் ஏன் ஆயுசுக்கும் சாப்பிடணும்?"

கதை 1986-இல் தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி, மாணவி நிர்மலா அரசுக் காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் எடுத்தார். வைக்க இடமில்லாமல் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாராம்! வேலூர் சி.எம்.சி.யில் சோதித்ததில் ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. தெரியவந்தது அப்போதுதான். ஆறு மாதிரி என்று எழுதிவிடுகிறோம். ஆறும் ஆறு பெண்கள்.

இது ரெட்ரோவைரஸ். தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, நம் வெள்ளை அணுவின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே சேர்ந்துகொள்ளும். மொத்தம் சுமார் 9,700 எழுத்து. இரு முனையிலும் எல்.டி.ஆர். என்ற ஒரே தொடர் இருக்கும். முன்முனையில் இருப்பதுதான் சுவிட்ச். அதிலிருந்து புரதம் எதுவும் உருவாகாது. நகலெடு, நிறுத்து என்ற கட்டளை மட்டும்தான்.

அந்த சுவிட்சைப் போடுவது யார்? நம் அணுவின் சொந்தப் புரதம், என்.எஃப். கப்பா பி. கிருமி வந்தால் நம் பாதுகாப்பு ஜீன்களை எழுப்புவது அதன் வேலை. அது வந்து ஒட்டும் இடத்தை வைரஸும் தன்னிடம் வைத்திருக்கிறது என்று 1987-இல் நேபலும் பால்டிமோரும் காட்டினார்கள். நோயை எதிர்க்க அணு விழித்தால் வைரஸும் விழிக்கும். பிறகு டாட் என்ற வைரஸ் புரதம் வேகத்தைக் கூட்டும்.

அணு உறங்கினால் சுவிட்சும் அணைந்திருக்கும். நம் கரிசலில் மழைக்கு முன்னே புழுதி விதைப்பு விதைப்போமே, அந்த விதை மாதிரி கிடக்கும். மாத்திரை புதிய அணுக்களுக்குப் பரவாமல் தடுக்கும். உள்ளே கிடப்பதைத் தொடாது. நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் முளைத்துவிடும்.

அமெரிக்காவில் அதிகமுள்ள பி வகையில் அந்த ஒட்டும் இடம் பொதுவாக இரண்டு; இந்தியாவில் அதிகமுள்ள சி வகையில் மூன்று. நான்கு உள்ளவையும் இங்கே பரவுவதை பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தின் உதயகுமார் ரங்கா குழு 2012-இல் வெளியிட்டது. அவற்றில் நகலெடுப்பு வேகம் அதிகம். ஓர் இடம் என்பது பத்தே எழுத்து! ஒற்று விட்டால் பொருள் மாறும் என்று உங்களை எத்தனை தடவை எழுத வைத்திருப்பேன்?

இப்போது இரண்டு வழியில் ஆராய்கிறார்கள். ஒன்று, சுவிட்சைப் போட்டு எழுப்பி அழிப்பது. மற்றது, அதை நிரந்தரமாகப் பூட்டுவது. இரண்டும் இன்னும் சிகிச்சையாக வரவில்லை. 2004 ஏப்ரலிலிருந்து அரசு இலவசமாகத் தரும் மாத்திரைதான் இன்றைக்கும் கையில் இருப்பது.