நீர்த் தூய்மையும் கரியும்

கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளிவித்தல் தமிழர் பழவழக்கம். தேற்றாவை ‘இல்லம்’ எனச் சுட்டும் நெய்தற்கலி, தலைவனைச் சார்ந்த தலைவியின் மனம் தெளிந்தமைக்கு அதனையே உவமையாக்குகின்றது. இதனைக் கொண்டு, இக்காலக் கரி வடிகட்டியின் நுட்பமும் பண்டே நம்மவர் அறிந்தது என்று கூற நம் உள்ளம் விழைதல் இயல்பே. அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தேற்றாங்கொட்டை நீரில் மிதக்கும் நுண்மண்ணைத் திரட்டிப் படியச் செய்வது. நீரிற் கரைந்து நின்று நிறமும் நாற்றமும் தரும் பொருள்களை நீக்குதல் அதன் தொழில் அன்று. அது கரியின் தொழில். கரியைப் பற்றிய இவ்வறிவு வளர்ந்த வரலாறு வேறு.

உருசிய நாட்டுப் பீட்டர்சுபர்க்கு நகரில் மருந்து வினைஞராயிருந்த தோபியாசு லோவிட்சு, கரைசல்களின் நிறத்தைக் கரி கவர்தலை 1785-இல் கண்டார்; பின்னர், கெட்டுப்போன நீரையும் கரியால் திருத்தலாம் என்று காட்டினார். 1881-இல் கைசர் என்னும் செருமானிய அறிஞர் இந்நிகழ்ச்சிக்குத் தனிப்பெயர் வழங்கினார். தமிழில் அதனைப் பரப்புக் கவர்தல் என்பர். சிலர் அதனை உறிஞ்சுதல் என்றே எழுதுகின்றனர். அது பிழை. உறிஞ்சப்படும் பொருள் உள்ளே கலந்து பரவும். கவரப்படும் பொருளோ மேற்பரப்பில் ஒட்டி நிற்கும். ஆதலின் பரப்பு மிகுந்தால் கவரும் ஆற்றலும் மிகும்.

அடுப்புக் கரியிற் பெரும்பாலான நுண்துளைகள் அடைபட்டிருக்கும். அவற்றைத் திறக்கும் முறைகளுக்கு ஒசுட்ரெய்கோ என்பார் 1900, 1901 ஆகிய ஆண்டுகளில் காப்புரிமை பெற்றார். மிகு வெப்பத்தில் நீராவி கரியின் ஒரு பகுதியை அரித்து, எண்ணிறந்த துளைகளை உண்டாக்கும். இவ்வாறு கிளர்வூட்டிய கரி ஒரு கிராமில் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு அடங்கும். முதல் உலகப் போரில் நச்சுப்புகை முகமூடிகளுக்காக இதன் ஆக்கம் பெருகியது. தேங்காய்ச் சிரட்டைக் கரி சிறந்ததென அப்போது அறியப்பட்டது. இன்று தமிழகத்திலும் இலங்கையிலும் சிரட்டையிலிருந்து இக்கரி செய்யப்படுகின்றது.

குடிநீருக்கு இக்கரி இன்றியமையாததாகியது குளோரினுக்குப் பின்னரே. அமெரிக்காவில் செர்சி நகரம் 1908-இல் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரின் இடத் தொடங்கியது. பிற நகரங்களும் அதனைப் பின்பற்றின. நோய்க்கிருமிகள் அழிந்தன. ஆயின் ஆலைக் கழிவிலுள்ள பீனாலோடு குளோரின் சேர்ந்தவிடத்து நீர் வாயில் வைக்கவொண்ணாச் சுவை பெற்றது. இக்குறையைத் தீர்க்கக் கரி வேண்டப்பட்டது. செருமனியின் ஆம் நகரில் 1929-இலும், அமெரிக்காவின் பே நகரில் 1930-இலும் கரிப்படுகைகள் அமைந்தன. கரி பீனாலைக் கவர்வதோடு எஞ்சிய குளோரினையும் வேதி மாற்றத்தால் நீக்கும்.

எனினும், கரைந்த உப்பையும் கடினத்தன்மையையும் கரி நீக்காது. துளைகள் நிரம்பிய பின் அதன் ஆற்றல் ஒழியும். உரிய காலத்தில் மாற்றாவிடின் கிருமிகள் அதன்கண்ணே பெருகவும் கூடும்.

ஆதலின் தேற்றாவும் கரியும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்பன அல்ல. முன்னது கண்ணுக்குப் புலனாகும் கலக்கத்தைத் தீர்த்தது. பின்னது தெளிந்த நீரிலும் மறைந்திருக்கும் மாசைக் கவர்கின்றது. நெய்தற்கலி கூறுவதும் தெளிவையே, தூய்மையை அன்று. நூல் கூறாததை அதன்மேல் ஏற்றாது கூறியதை உள்ளவாறு கொள்ளினும், முன்னோர் அறிவுக்கு அது போதிய சான்றேயாம்.